லங்கோலன் கால்வாயில் 57 அடி நாரோபோட்: லாக்குக்குள் நேராக நுழைவது எப்படி?

கேள்வி:
வணக்கம். வாடகை நாரோபோட்டில் (ஒடுக்கமான நீண்ட கால்வாய்ப் படகு) ஒரு வாரம், இங்கிலாந்தின் ஹர்ல்ஸ்டனிலிருந்து வேல்ஸின் லங்கோலன் வரை கால்வாயில் போய்த் திரும்பத் திட்டம். நான்கு பேர், யாருக்கும் படகு ஓட்டிப் பழக்கமில்லை. படகின் அகலம் 6 அடி 10 அங்குலம், லாக் (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகை மேலும் கீழும் கொண்டுபோகும் கதவு வைத்த அறை) 7 அடிதான் என்கிறார்கள். இடிக்காமல் எப்படி நுழைவது? பின்னோக்கி எடுக்கும்போது சுக்கான் கேட்காது என்பது உண்மையா?

பதில் 1:
உண்மைதான். புரொப்பெல்லர் தள்ளும் நீர் சுக்கான் மேல் பாய்ந்தால்தான் படகு திரும்பும். நியூட்ரலிலும் ரிவர்ஸிலும் அந்தப் பாய்ச்சல் இல்லை. அதனால் வளைவில் பயந்து கியரை எடுத்துவிடாதீர்கள். மெதுவாக முன் கியரிலேயே இருங்கள்.

சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் மூக்கு வலப்பக்கம் போகும். படகு ஏறக்குறைய நடுப்பகுதியை அச்சாகக் கொண்டு சுழல்வதால், வால் எதிர்ப்பக்கம் வீசும். புதியவர்கள் மூக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், இடிப்பதோ வால். மூக்கு திரும்பத் தொடங்கியதுமே பிடியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். முழுதும் திரும்பும்வரை காத்திருந்தால் அளவுக்கு மீறித் திரும்பிவிடும்.

எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள். ஆனால் கரையோரம் ஆழமில்லை, அதிகம் ஒதுங்கினால் தரைதட்டும். வேக வரம்பு மணிக்கு 4 மைல். கட்டிவைத்த படகுகளைக் கடக்கும்போது எஞ்சின் ஐடிலிங் வேகம் போதும்.

பதில் 2:
இந்தக் கால்வாயில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: நீரோட்டம். லங்கோலன் பக்கமிருந்து ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது லாக்கைச் சுற்றிப் பக்கவாய்க்காலில் இறங்கி, கீழ்க்கதவுக்குச் சற்று முன்பாகக் குறுக்கே பாய்கிறது. நுழையும் நேரத்தில் மூக்கை எதிர்ச்சுவருக்குத் தள்ளுவது அதுதான். தூரத்திலேயே நேராக்கிக்கொண்டு, தண்ணீர் வரும் பக்கம் சற்றே குறிவையுங்கள். அந்த இடத்தில் வேகத்தை ஒரேயடியாகக் குறைத்தால் படகு ஓட்டத்தின் பிடிக்குப் போய்விடும். மூக்கு உள்ளே போனதும் ரிவர்ஸ் கொடுத்து நிறுத்துங்கள்.

மேலே ஏறும்போது மதகுகளை முதலில் பாதி மட்டும் திறங்கள். படகு முன்னும் பின்னும் இழுபடும். படகின் முன்பக்கம் தொங்கும் மோதல்தாங்கி மெத்தை கதவில் எங்காவது மாட்டிக்கொண்டால் உடனே மதகை மூடுங்கள்.

இறங்குவதுதான் ஆபத்து. மேல்கதவின் அடியில் நீருக்குள் ஒரு படி நீட்டிக்கொண்டிருக்கும், சுவரில் வெள்ளைக்கோடு அதைக் காட்டும். வால் அந்தக் கோட்டுக்கு முன்னாலேயே இருக்கவேண்டும். படியில் வால் உட்கார்ந்துவிட்டால் தண்ணீர் இறங்க இறங்க மூக்கு கீழே சாய்ந்து படகு மூழ்கும். உட்கார்ந்தது தெரிந்ததும் கீழ் மதகுகளை மூடி, அதன்பின் மேல் மதகுகளைத் திறந்து தண்ணீரை ஏற்றுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. வழியில் வரும் கிரிண்ட்லி புரூக் அடுக்கு லாக்கும் (இடைவெளியின்றி ஒன்றோடொன்று ஒட்டிய லாக்குகள்) சர்க் சுரங்கமும் எப்படி?

பதில் 3:
அடுக்கில் ஏறுமுன் கீழறை காலியாகவும் மேலறைகள் நிரம்பியும் இருக்கவேண்டும். லாக் காவலர் இருந்தால் அவர் சொல்லும்வரை நுழையாதீர்கள்.

சர்க் சுரங்கம் 421 மீட்டர், ஒரு படகுக்குத்தான் இடம். எதிர்முனையில் விளக்கு தெரிந்தால் காத்திருங்கள். போகும்போது ஓட்டம் எதிரே வரும். த்ராட்டிலை ஏற்றினால் வால் தாழுமே தவிர வேகம் கூடாது, பொறுமையாகவே போங்கள். அதன்பின் வரும் பொன்ட்கிசில்டே நீர்ப்பாலத்தில் (கால்வாயையே தாங்கிச் செல்லும் பாலம்) ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பியே இல்லை. குழந்தைகளை உள்ளே உட்காரவையுங்கள். ட்ரெவர் என்ற ஊருக்கு அப்பால் உள்ள குறுகலில் ஒருவரை நடந்து முன்னே அனுப்பி, எதிரே படகு இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

புரொப்பெல்லரில் பாசியோ கயிறோ சுற்றினால் எஞ்சினை அணைத்து, சாவியையும் எடுத்துவிட்டு, பின்தளத்துக் களைத்துளை (புரொப்பெல்லரைக் கையால் எட்டுவதற்கான திறப்பு) மூடியைத் திறந்து கையால் அகற்றுங்கள். மூடியை மறுபடி இறுகப் பூட்டியபின்தான் எஞ்சின். இல்லையென்றால் புரொப்பெல்லரே தண்ணீரை உள்ளே அள்ளிக் கொட்டிவிடும்.