ரெலிபோன் வயரில் பின்னறைக்கு இன்ரநெற் கொண்டுபோகலாமா? அவசரம்

வளவுக்காரன் | செவ்வாய், இரவு 9.42
வணக்கம். வீட்டில் எல்லா அறையிலும் ரெலிபோன் பொயின்ற் இருக்கிறது. பின்னறைக்கு மட்டும் வைபை வருவதில்லை. அதனால் பழைய ரவுட்டரைப் பின்னறைப் பொயின்ற்றில் செருகிப் பார்த்தேன். இன்ரநெற் லைற் எரியவே இல்லை. முந்தி இதே பொயின்ற்றில் இதே ரவுட்டர் ஒழுங்காக வேலை செய்தது. வெள்ளிக்கிழமை கனடாவில் இருந்து அத்தான் வருகிறார். நல்லூர்த் திருவிழா முடியுமட்டும் நிற்பார், அந்த அறையில் இருந்துதான் ஒபிஸ் வேலை செய்யவேண்டும். என்ன பிழை என்று தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கோ.

சுன்னாகத்தான் | செவ்வாய், இரவு 9.58
ஃபில்ரர் போட்டிருக்கிறீர்களா? ஏடிஎஸ்எல், அதுதான் போன் கம்பியிலேயே வருகிற இன்ரநெற் என்றால் ஒவ்வொரு போனுக்கும் முன்னால் ஒரு ஃபில்ரர் வேண்டும். இல்லாவிட்டால் இன்ரநெற் சிக்னலைப் போன் விழுங்கிவிடும். எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. நூறு வீதம் ஃபில்ரர் பிரச்சினை.

கரவெட்டிக்காரி | செவ்வாய், இரவு 10.05
முதலில் உங்களுடையது என்ன லைன்? பழைய செப்பு லைனா, பைபரா? முன் ஹோலில் இருக்கிற பெட்டி எது? பின்னறை எவ்வளவு தூரம்?

மெஷ்பிரியன் | செவ்வாய், இரவு 10.11
இந்தக் காலத்தில் ஏன் அண்ணை வயரோடு மாரடிக்கிறீர்கள்? மெஷ் செற் (வைபையை அறைக்கு அறை கடத்துகிற பெட்டிகள்) ஒன்று வாங்கி வையுங்கோ, வேலை முடிந்தது.

நுட்பன் | செவ்வாய், இரவு 10.30
இந்தப் பகுதியின் உச்சியில் ஒரு பதிவு நிரந்தரமாக இருக்கிறது: கேள்வி கேட்குமுன் என்ன விபரம் தரவேண்டும் என்று. யாரும் வாசிப்பதில்லை. "லைற் எரியவில்லை" என்றால் எந்த லைற்? "பழைய ரவுட்டர்" என்றால் எந்த மொடல்? எந்தப் போர்ட்டில் எதைச் செருகினீர்கள்? வயரில் எத்தனை இழை? படம் இல்லாமல் இதற்குப் பதில் சொல்பவர்கள் சாத்திரம்தான் சொல்லவேண்டும்.

சுன்னாகத்தான், அவர் ஏடிஎஸ்எல் என்று எங்கே எழுதினார்?

சுன்னாகத்தான் | செவ்வாய், இரவு 10.34
ரெலிபோன் வயர் என்று எழுதினாரே. வேறென்ன?

வளவுக்காரன் | புதன், காலை 6.20
பைபர். போன வருசம் மாற்றினார்கள். பெட்டி முன் விறாந்தையில். பின்னறை ஒரு 20 மீற்றர் வரும். பழைய கல்வீடு, சுவர் மொத்தம். மெஷ் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன், குசினி தாண்டப் படுத்துவிட்டது. வேலைக்குப் போகிறேன், பின்னேரம் பார்க்கிறேன்.

கரவெட்டிக்காரி | புதன், காலை 7.02
அப்போது விசயம் விளங்கிவிட்டது. முந்தி உங்களுடையது ஏடிஎஸ்எல். ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஒரு சோடி செப்புக் கம்பி வீட்டுக்கு வந்தது. குரலும் இன்ரநெற்றும் அதே கம்பியில்தான். குரல் 4 கிலோ ஹேர்ட்ஸுக்குக் கீழே ஓடும், இன்ரநெற் அதற்கு மேலே, ஏடிஎஸ்எல்2+ என்றால் 2.2 மெகா ஹேர்ட்ஸ் வரைக்கும். அதனால் எந்த அறைப் பொயின்ற்றில் ரவுட்டரைக் கொண்டுபோய்ச் செருகினாலும் வேலை செய்தது.

இப்போது இன்ரநெற் விறாந்தைப் பெட்டியோடு நின்றுவிடுகிறது. அந்தப் பெட்டியின் போன் போர்ட்டில் இருந்து வீட்டு வயருக்கு இணைத்திருப்பார்கள். அதில் வருவது குரல் மட்டும். பழைய ரவுட்டரின் டிஎஸ்எல் போர்ட் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் இயந்திரத்தைத் தேடுகிறது, அது இனி அந்தக் கம்பியின் மறுமுனையில் இல்லை. ஃபில்ரர் போட்டாலும் வராது.

பழைய லைன்மன் | புதன், காலை 8.15
தங்கச்சி சொன்னது சரி. கிணறு மற்ற வளவுக்குப் போய்விட்டது, தம்பி பழைய வாய்க்காலில் வாளியோடு நிற்கிறார்.

ஆனால் வாய்க்கால் பிரயோசனமில்லை என்று நான் சொல்லமாட்டேன். தம்பி, பின்னேரம் வந்ததும் ஒரு பொயின்ற்றைக் கழற்றி வயரைப் பாருங்கோ. உள்ளே இரண்டு கம்பியா, நான்கா? நான்கு என்றால் சோடி சோடியாக முறுக்கி இருக்கிறதா, தட்டையாக ஓடுகிறதா? கம்பி ஒற்றைச் செப்பா, மயிர்போல் பல இழையா? பொயின்ற்றில் இருந்து பொயின்ற்றுக்குத் தொடராகப் போகிறதா, எல்லாம் ஒரு இடத்தில் வந்து சேருகிறதா? அதுதான் முக்கியம்.

நுட்பன் | புதன், காலை 9.40
ரெலிபோன் வயரில் ஈதர்நெற் (வயர் வழி நெற்வேர்க்) ஓட்டச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெற்றுக்குக் குறைந்தது கேட் 5 தர நெற்வேர்க் வயர். இதற்கென்று தனித் தொழில்நுட்பம் இருக்கிறது: 1998இல் ஹோம்பிஎன்ஏ கூட்டமைப்பு தொடங்கியதே வீட்டு ரெலிபோன் வயரில் நெற்வேர்க் ஓட்டத்தான். அதன் வழியில் இப்போது இருப்பது ஜி.எச்.என், சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐரியூ) தரநிலை ஜி.9960. ஒரு சோடி போதும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடப்டர். முறையாகச் செய்கிறவர்கள் இப்படித்தான் செய்வார்கள்.

சுன்னாகத்தான் | புதன், காலை 9.52
அந்த அடப்டர் ரவுணில் எந்தக் கடையில் இருக்கிறது? சொல்லுங்கோ, நானும் வாங்குவோம்.

நுட்பன் | புதன், காலை 9.55
கடையில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

மின்பொறி | புதன், காலை 10.20
பவர்லைன் அடப்டர் பாருங்கோ. கரண்ட் பிளக்கிலேயே இரண்டு பக்கமும் செருகலாம், வயர் வேலை இல்லை. ஒன்று மட்டும் கவனம்: சேர்ஜ் புரொடெக்ரர் உள்ள எக்ஸ்ரென்சனில் செருகினால் அது சிக்னலை நசுக்கிவிடும். சுவர்ப் பிளக்கில் நேராகச் செருகவேண்டும். மூன்று பேஸ் வீடு என்றால் இரண்டு பிளக்கும் ஒரே பேஸில் இருந்தால் நல்லது.

எது செய்தாலும் அந்தப் பழைய செப்பு லைனை வெளியில் இருந்தே வெட்டி எறியுங்கோ. ஐப்பசி கார்த்திகை இடியில் செப்பு லைன் வழியாக எரிந்த ரவுட்டர்கள் எத்தனை.

கரவெட்டிக்காரி | புதன், காலை 10.31
கழற்றுவது சரி, ஆனால் பைபர் வந்ததும் எல்லோரும் செப்பை வெட்டுவது நல்லதென்று நான் நினைக்கவில்லை. செப்புப் போனுக்கு 48 வோல்ட் எக்ஸ்சேஞ்சில் இருந்தே வரும், அங்கே பற்றறி இருக்கிறது. வீட்டில் கரண்ட் போனாலும் போன் அடிக்கும். பைபர்ப் பெட்டி கரண்ட் போனதும் செத்துவிடும், அதோடு போனும். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். கைபேசிக் கோபுரமும் பற்றறி இறங்கிப் படுத்தது. அன்று எங்கள் அம்மாவின் பழைய போன்தான் வேலை செய்தது.

மின்பொறி | புதன், காலை 10.44
அக்கா, 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் (பற்றறி உள்ள பவர் பெட்டி) ஒன்று வாங்கினால் பைபர்ப் பெட்டி பல மணித்தியாலம் ஓடும். சைக்கிள் டைனமோ சுற்றி ரேடியோ கேட்ட சனம், ஒரு சின்னப் பற்றறிக்கா பயப்படுவது?

கரவெட்டிக்காரி | புதன், காலை 10.50
டைனமோ சுற்றியது எங்கள் அப்பா. எனக்கு அதில் பெருமை இல்லை, களைப்புத்தான். வயதான ஆக்கள் தனிய இருக்கிற வீட்டில் யூபிஎஸ் பற்றறியை யார் மாற்றுவது?

மெஷ்பிரியன் | புதன், காலை 11.02
யூபிஎஸ் என்றால் லித்தியமா, லெட் அசிட்டா? லெட் அசிட் எங்கள் வெக்கைக்குச் சரிவராது.

மின்பொறி | புதன், காலை 11.15
வெக்கைக்கு இரண்டும் கெடும். லித்தியம் எடுங்கோ, வெக்கை கூடின அறையில் வைக்காதேங்கோ.

நுட்பன் | புதன், பகல் 12.10
யூபிஎஸ் பற்றிப் பேச வேறு பகுதி இருக்கிறது.

வளவுக்காரன் | புதன், இரவு 7.48
நான்கு கம்பி. நீலம்-வெள்ளை, செம்மஞ்சள்-வெள்ளை. இரண்டு இரண்டாக முறுக்கி இருக்கிறது. ஒற்றைச் செப்பு. விறாந்தையில் தொடங்கி ஹோல், சாமியறைப் பக்கம், பிறகு பின்னறை. ஒவ்வொரு பொயின்ற்றிலும் நீலச் சோடி மட்டும்தான் பூட்டி இருக்கிறது. செம்மஞ்சள் சோடி சும்மா சுருட்டி விட்டிருக்கிறார்கள்.

பழைய லைன்மன் | புதன், இரவு 8.30
நல்ல காலம். அது தட்டையான வயர் அல்ல, நாங்கள் போட்ட இரண்டு சோடி வயர். 20 மீற்றருக்கு 100 எம்பிபிஎஸ் ஓட நல்ல சந்தர்ப்பம் இருக்கிறது. 100க்கு இரண்டு சோடி போதும், ஜிகாபிற்றுக்குத்தான் நான்கு சோடி கேட்கும். செய்கிற விதம்:

முதலில் பைபர்ப் பெட்டியின் போன் போர்ட்டில் இருந்து வீட்டு வயருக்குப் போகிற இணைப்பைக் கழற்றவேண்டும். மணி அடிக்கும்போது அந்தக் கம்பியில் 70, 80 வோல்ட் ஏசி வரலாம், அது லான் போர்ட்டுக்கு (நெற்வேர்க் வயர் செருகிற இடம்) போனால் போர்ட் போய்விடும். வெளியில் இருந்து வந்த பழைய செப்பு லைன் இன்னும் இந்த வயரில் ஒட்டியிருந்தால் அதையும் எடுங்கோ. வீட்டுப் போனை விறாந்தையில் பெட்டிக்கு நேராகப் போடுங்கோ.

பிறகு ஹோலிலும் சாமியறைப் பக்கத்திலும் உள்ள பொயின்ற்றை முழுவதாகக் கழற்றி, வந்த கம்பியையும் போகிற கம்பியையும் நிறம் பார்த்து நேருக்கு நேர் இணையுங்கோ. முறுக்கை இணைப்புவரை கழற்றாமல் வையுங்கோ. பொயின்ற் நடுவில் தொங்கினால் அந்த வால் சிக்னலைத் திருப்பி அடிக்கும்.

இரண்டு முனையிலும் ஆர்ஜே45 பிளக், அதுதான் எட்டுப் பின் உள்ள நெற்வேர்க் பிளக். நீலச் சோடி பின் 1இலும் 2இலும். செம்மஞ்சள் சோடி 3இலும் 6இலும். 3இலும் 4இலும் அல்ல. அடுத்தடுத்து இருக்கிறதே என்று 4இல் போட்டுவிட்டுத்தான் எல்லோரும் தலையைப் பிய்க்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஒழுங்கு.

கரவெட்டிக்காரி | புதன், இரவு 8.52
பின்னறையில் பழைய ரவுட்டரை வைக்கும்போது அதன் டிஎஸ்எல் போர்ட்டில் செருகவேண்டாம், மஞ்சள் லான் போர்ட்டில். அதற்கு முன் அதன் செற்றிங்கிற்குள் போய் டிஎச்சிபியை (மற்றக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கிற வேலையை) நிறுத்துங்கோ. அதன் முகவரியும் பைபர்ப் பெட்டியின் முகவரியும் 192.168.1.1 ஆக இருந்தால் இரண்டும் முட்டும், பழையதை 192.168.1.2 என்று மாற்றுங்கோ.

நுட்பன் | புதன், இரவு 9.20
இது தரநிலைக்கு உட்பட்டதல்ல. ஓடலாம், ஓடாமலும் விடலாம். நாளைக்கு அறுந்து அறுந்து வந்தால் இங்கே வந்து எங்களைக் கேட்கக்கூடாது. கேட் 6 இழுப்பதுதான் சரியான வேலை.

பழைய லைன்மன் | புதன், இரவு 9.41
ஓம் ஐயா, கேட் 6 இழுத்தால் நல்லதுதான். வெள்ளிக்கிழமைக்குள் கல்சுவரைத் துளைக்கிற ஆளைப் பிடித்துத் தாருங்கோ. திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு மேசனைப் பிடிப்பது உங்களுக்குத் தெரியாத வேலையாக இருக்கும்.

சுன்னாகத்தான் | புதன், இரவு 9.44
😀

வளவுக்காரன் | சனி, காலை 11.05
வேலை செய்கிறது. 100 காட்டுது. ரெஸ்ற் போட்டால் 90 சொச்சம். அத்தானுக்கு ஒபிஸ் பின்னேரம் ஆறரைக்குத்தான் தொடங்கும், நேற்று இரவு இரண்டரை வரைக்கும் வீடியோ கோல், அறவில்லை. எல்லோருக்கும் நன்றி.

கரவெட்டிக்காரி | சனி, காலை 11.30
சந்தோசம். நடுப் பொயின்ற்றுகளை எப்படி இணைத்தீர்கள்? முறுக்கி ரேப் சுற்றினீர்களா, ஈரம் புகாத ஜெல் கொனெக்ரரா? ரேப் என்றால் மாரி வந்ததும் ஈரத்தில் கறுத்துவிடும்.

நுட்பன் | ஞாயிறு, காலை 8.15
பிழை எண்ணிக்கையையும் பார்த்துப் போடவும். வேகம் மட்டும் பார்த்தால் போதாது.

புதுவீட்டுக்காரன் | செவ்வாய், இரவு 8.02
எனக்கும் இதே பிரச்சினை. ஆனால் எங்கள் வீட்டு வயரில் இரண்டு கம்பி மட்டும்தான். முறுக்கும் இல்லை. அதே மாதிரிச் செய்யலாமா?

நுட்பன் | செவ்வாய், இரவு 8.20
தனிப் பதிவு ஒன்று திறந்து கேட்கவும்.

பழைய லைன்மன் | செவ்வாய், இரவு 9.10
தம்பி, ஒரு சோடியில் சாதாரண ஈதர்நெற் ஓடாது. அதற்குத்தான் நுட்பன் ஐயா சொன்ன ஜி.எச்.என் அடப்டர், அல்லது ஒரு சோடிக் கம்பியிலேயே நெற்வேர்க்கைக் கடத்துகிற விடிஎஸ்எல்2 எக்ஸ்ரெண்டர் பெட்டி இரண்டு. இங்கே கடையில் நான் காணவில்லை. வெளிநாட்டில் இருந்து வருகிற ஆள் கொண்டுவந்தால், பவர் அடப்டரில் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கோ. கனடாப் பெட்டி 120 வோல்ட் மட்டும் என்றால் இங்கே செருகின உடன் புகைதான். வயர் பைப்புக்குள் போகிறதா, கிளிப் அடித்து வெளியில் ஓடுகிறதா? பைப் என்றால் அடப்டரே வேண்டாம், பழைய வயரின் நுனியில் கேட் 6ஐக் கட்டி மற்றப் பக்கத்தால் இழுத்துப் பார்க்கலாம். வளைவில் இறுகினால் பலவந்தம் பண்ணாதேங்கோ, அறுந்தால் இரண்டும் இல்லை.

புதுவீட்டுக்காரன் | செவ்வாய், இரவு 9.26
பைப் போலத்தான் இருக்கிறது ஐயா. சுவருக்குள் போகிறது. நாளைக்குக் கழற்றிப் பார்த்துப் படம் போடுகிறேன்.