கூட்டெழுத்து பழக்கினவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காத்தான்குடி, ஆங்கில ஆசிரியை:
ஆரம்பப் பிரிவில் ஆங்கிலக் கூட்டெழுத்து, அதாவது எழுத்துகளை ஒன்றோடொன்று இணைத்து எழுதுவது, பழக்குகிறேன். பெற்றோர் எழுத்து வடிவாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நான் பார்ப்பது எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை. ஓ-வை (o) எடுங்கள். அதன் வால் மேலிருந்தே அடுத்த எழுத்துக்குப் போகவேண்டும். பிள்ளை வட்டத்தை மூடிவிட்டு அடிக்கோட்டுக்கு இறங்கி இணைத்தால் ஓ, ஏ (a) ஆகிவிடும். 'ஒன்' (on) எழுதச் சொன்னால் கொப்பியில் 'ஆன்' (an) கிடக்கும். சொல்வதெழுதலில் பிழை விழுந்ததும் வீட்டில் ஏச்சு. பிள்ளைக்குச் சொல் தெரியும், வால்தான் தப்பிப் போயிருக்கும். வீ, டபிள்யூ, ஆர் மூன்றும் இதே கூட்டம். இந்த நாலையும் மட்டும் தனியாக எடுத்து, பின்னால் ஒவ்வோர் எழுத்தாக ஒட்டிப் பழக்குவேன்.

குர்ஆன் ஓதப் போகிற பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடுகிறது. ஒருத்தன் கேட்டான், "டீச்சர், இதிலயும் வாவ் மாதிரி ஒட்டாத எழுத்து இருக்கா?" அரபியில் அலிஃப், தால், வாவ் உட்பட ஆறு எழுத்து பின்னால் வருவதோடு சேராது, அது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சொல்லை எழுதி முடித்துவிட்டுப் புள்ளி வைக்கிற பழக்கமும் கையில் இருந்தது. ஐ-க்கு (i) புள்ளி கடைசியில் என்று நான் சொல்லத் தேவையே வரவில்லை.

களுவாஞ்சிகுடி, ஒரு அப்பா:
என் மகள் இடதுகைக்காரி. அம்மம்மாவுக்கு அது பிடிக்காது. "சோத்துக் கையால எழுது புள்ள" என்று பென்சிலைப் பிடுங்கி மாற்றிக் கொடுப்பா. விஜயதசமிக்கு ஏடு தொடக்கின அன்று அரிசியில் எழுதினது வலதுகை விரல்தானே என்பது அவவின் நியாயம். நான் கையை மாற்றவில்லை, கொப்பியை மாற்றினேன். உடம்புக்கு இடப்பக்கமாகத் தள்ளி, மேல்விளிம்பு வலப்பக்கம் சாய வைத்தேன். முந்தி மணிக்கட்டை வளைத்துக்கொண்டு எழுதுவாள்; எழுதினதன் மேலேயே கை உரசி, சின்னவிரல் பக்கமெல்லாம் கரி. இப்போது கை வரிக்குக் கீழே நிற்கிறது. பென்சிலைக் கொஞ்சம் மேலே பிடிக்கவும் சொன்னேன், எழுதுவது கண்ணுக்குத் தெரியவேண்டுமே. எழுத்து வலப்பக்கம் சாயாமல் நேராகத்தான் நிற்கிறது. நிற்கட்டும்.

அக்கரைப்பற்று, ஓய்வுபெற்ற ஆசிரியர்:
எல்லாம் சரி, ஏன் இந்த அவசரம்? நேர்சரிப் பிள்ளைக்கே கூட்டெழுத்து என்று வகுப்பு வைக்கிறார்கள். விரல் இன்னும் பென்சிலுக்கு இசையாத வயது அது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கும் இது தேவையில்லை. தனி எழுத்தைச் சரியான இடத்தில் தொடங்கத் தெரிந்த பிறகு இணைப்புக்குப் போங்கள், இல்லாவிட்டால் பிழையான எழுத்தைத்தான் இணைத்துப் பழகும்.

ஆனால் ஒன்று, பீயும் (b) டீயும் (d) மாறிப்போகிற பிள்ளைக்குக் கூட்டெழுத்து கைகொடுத்ததைக் கண்டிருக்கிறேன். டீ, சீ மாதிரி வளைவில் தொடங்கும். பீ மேலிருந்து கோடாக இறங்கும். இரண்டும் வேறு வேறு கை அசைவு என்று ஆனதும் குழப்பம் குறைந்தது.

செங்கலடி, ஒரு அம்மா:
எங்கள் வீட்டில் இப்போது வேறு கூத்து. மகன் தமிழையும் ஒரே இழுவையில் எழுதப் பார்க்கிறான். மெய்யெழுத்துக்குப் புள்ளியைக் கடைசியில் வைக்கலாம் என்று விட்டு, மறந்துவிடுகிறான். கொப்பி நிறைய 'அமமா', 'பளளி'. இதற்கு என்ன செய்வது?

காத்தான்குடி, ஆங்கில ஆசிரியை:
ஆங்கிலத்துக்கு நாலுவரிக் கொப்பி, தமிழுக்கு ஒற்றைவரிக் கொப்பி என்று பிரித்து வையுங்கள். இரண்டையும் அடுத்தடுத்து எழுத விடாதீர்கள், நடுவில் விளையாடிவிட்டு வரட்டும். தமிழில் எழுத்துக்கு எழுத்து பென்சிலைத் தூக்கவேண்டும், புள்ளியை அங்கேயே வைத்துவிட்டுத்தான் அடுத்தது. கொஞ்ச நாள் பக்கத்தில் இருந்து வாய்விட்டுச் சொல்ல வையுங்கள்: "அ, ம் புள்ளி, மா".