ஆடறவங்களுக்கு அமைக்க வருமா? மறுபடியும் அந்த நாற்காலி

மேடையோரம்: நேத்து ஒருத்தர் "பாலே டான்சருங்க கோரியோகிராஃபில, அதாவது ஆட்டம் அமைக்கறதுல, கை வச்சா சொதப்பல்தான், ரஷ்ய டான்சர் நிஜின்ஸ்கியே சாட்சி"ன்னு எழுதியிருந்தாரு, படிச்சதுலேர்ந்து எரிச்சல் அடங்கல. பெரிய கோரியோகிராஃபர்னு பேர் வாங்கின பெட்டிபா 1847ல பீட்டர்ஸ்பர்க் போனதே டான்சராத்தான். ஜஸ்டின் பெக் 2014ல நியூயார்க் சிட்டி பாலேல ரெசிடென்ட் கோரியோகிராஃபர் (கம்பெனியோடயே இருந்து ஆட்டம் அமைக்கறவர்) ஆனப்புறமும் அங்கேயே ஆடிக்கிட்டுதான் இருந்தாரு. பின்ன யாரு வந்து அமைக்கணுமாம்?

ஒத்தைக்கால்: அந்த "ஒருத்தர்" நான்தான் சார், பேரைச் சொல்லியே திட்டலாம். 1913 மே 29, பாரிஸ், நிஜின்ஸ்கி அமைச்ச ரைட் ஆஃப் ஸ்ப்ரிங் பாலேவோட முதல் நாள். அவரு விங்ஸ்ல, அதாவது மேடைக்குப் பக்கத்து மறைவுல, நாற்காலி மேல ஏறி நின்னு டான்சர்களுக்குத் தாளத்தை எண்ணிக் கத்தறாரு. அமைச்சது ஒழுங்கா இருந்தா நாற்காலி எதுக்கு?

மேடையோரம்: பாக்க வந்த கூட்டம் போட்ட கூச்சல்ல ஆர்க்கெஸ்ட்ரா காதுல விழல, அதுக்குத்தான் நாற்காலி! அதுவும் ரஷ்ய பாஷையில பத்துக்கு மேல எண்ணெல்லாம் நீளம், பதினேழுன்னு வாயைத் திறந்து முடிக்கறதுக்குள்ள அடுத்த தாளம் வந்துடும், அப்படியும் அந்த மனுஷன் தொண்டை கிழிய கத்தி டான்சர்களைக் கடைசி வரைக்கும் ஆட வச்சாரு. அதைப் போய் தோல்விங்கறீங்களே.

ஒத்தைக்கால்: தாளம் சொல்லித்தர மேரி ராம்பெர்னு ஒரு அம்மாவை தனியா கூட்டிட்டு வந்தாங்களே, அது ஏன்? அதுக்கு இசையமைச்ச ஸ்ட்ராவின்ஸ்கியே தன் சுயசரிதையில, இந்தாளுக்கு இசையில அரிச்சுவடியே தெரியாதுன்னு எழுதிட்டாரு. 1920ல மறுபடி போட்டப்போ மாசீனை வச்சு புதுசா அமைச்சாங்க. நல்லா இருந்ததை யாராவது தூக்கி எறிவாங்களா?

மேடையோரம்: மாசீன் யாரு சார்? அவரும் டான்சர்தானே! உங்க வாயாலேயே சொல்லிட்டீங்க. தூக்கி எறிஞ்ச கதையும் தெரியும், 1913லயே நிஜின்ஸ்கி கல்யாணம் பண்ணிக்கிட்டாரு, கம்பெனியை நடத்தின டியாகிலெவ் கோவத்துல வேலையை விட்டே தூக்கிட்டாரு, அப்புறம் யாரு உக்காந்து ஸ்டெப்பை ஞாபகம் வச்சுக்கறது?

பாயின்ட்ஷூ: ரெண்டு பேரும் நாற்காலியை விட்டு இறங்குங்க. நான் எட்டு பேரை வச்சு மூணு நிமிஷ பீஸ் அமைச்சுப் பாத்தவ. என் உடம்புக்கு சுளுவா வர்ற திருப்பத்தையே எல்லாருக்கும் குடுத்தேன், இடது பக்கம் சுத்தறவ ஒருத்தி ஒவ்வொரு தடவையும் தடுமாறினா. நாலாவது நாள்தான் தப்பு என்னோடதுன்னு உறைச்சுது. நல்லா ஆடறவங்களுக்கு இந்த ஆபத்து ஜாஸ்தி.

ஒத்தைக்கால்: நான் சொன்னதும் இதேதான் மேடம்.

பாயின்ட்ஷூ: இல்ல, நீங்க வராதுன்னீங்க. நான் கத்துக்கணும்னேன்.

கவுண்ட்எட்டு: வெய்ன் மெக்ரெகரை ஏன் யாரும் சொல்லல? பாலே கம்பெனில ஆடாதவரு, 2006ல ராயல் பாலேவே கூப்பிட்டு ரெசிடென்ட் கோரியோகிராஃபர் ஆக்கிச்சு.

மேடையோரம்: தம்பி, அவரும் டான்சர்தான், கான்டெம்பரரி. போன மாசம் டான்சர் நூரயேவ் பத்தின இழைலயும் நீங்க பாதில வந்து இப்படித்தான் குழப்பினீங்க.

கவுண்ட்எட்டு: நூரயேவ் அமைச்சதுல மூச்சு விட இடமில்லாம ஸ்டெப்பை அடைச்சிருக்காருன்னேன். அது தப்பா? இப்பவும் சொல்வேன்.

மேடையோரம்: நூரயேவ் பத்தி இங்க வேணாம். டான்சரா இருந்து அமைக்க வந்த பாலன்சின் 1934ல செரினேட்ங்கற பாலேயை அமைச்சப்போ முதல் நாள் வந்தது 17 பொண்ணுங்க, அந்த 17 பேரையே நிக்க வச்சு ஆரம்பிச்சாரு. இன்னொரு நாள் ஒருத்தி விழுந்து அழுதா, அந்த விழுகையை அப்படியே பாலேக்குள்ள வச்சுட்டாரு. ரிகர்சல்ல வேர்த்து ஒழுகினவனுக்குத்தான் இது தோணும், ஓரமா உக்காந்து பாக்கறவனுக்குத் தோணாது.

ஒத்தைக்கால்: பாலன்சின் நாற்காலி மேல ஏறலியே.

மேடையோரம்: பாரிஸ்ல அன்னிக்கு கத்தினது கூட்டம் சார், டான்சர் இல்ல! எத்தனை தடவை சொல்றது?

ஒத்தைக்கால்: நீங்க எத்தனை தடவை சொன்னாலும் நாற்காலி நாற்காலிதான்.

கவுண்ட்எட்டு: மெக்ரெகருக்கு இன்னும் பதில் வரல.