அண்ணனுக்கு எம்ஆர்ஐ நார்மல், ஆனா ஆள் நார்மலா இல்லை. பிடிஎஸ்டி (பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மனநலப் பாதிப்பு) தெரியுற ஸ்கேன் எதுவும் இருக்கா?

சாத்தூர்க்காரி:

வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

எங்க அண்ணனுக்கு 36 வயசு. பட்டாசு ஆலையில வேலை. 14 மாசத்துக்கு முன்னாடி வெடி விபத்து. பக்கத்து அறையில இருந்த மூணு பேர் போயிட்டாங்க. அண்ணனுக்குக் கையில தீக்காயம் மட்டும்தான், அது ஆறிடுச்சு. ஆனா அதுக்கப்புறம் தூக்கம் கிடையாது. குக்கர் விசில் வர்றதுக்கு முன்னாடியே ஓடிப் போய் அடுப்பை அணைச்சிருவாரு. மதினி இப்ப பானையிலதான் சோறு வடிக்கிறாங்க. தீக்குச்சி உரசுற வாசம் வந்தா எந்திரிச்சு வாசல்ல போய் உட்கார்ந்துக்குவாரு. விபத்தைப் பத்திக் கேட்டா வாய் திறக்கிறதில்லை.

தலையில அடி பட்டிருக்குமோன்னு எம்ஆர்ஐ எழுதிக் குடுத்தாங்க. மெஷின் டம் டம்னு அடிக்க ஆரம்பிச்சதும் ஆளைக் கூப்பிடக் கையில குடுத்த ரப்பர் பல்பை அமுக்கி அமுக்கி வெளியே வந்துட்டாரு. சட்டை முழுக்க வேர்வை. ரெண்டாவது தடவை மருந்து குடுத்துத் தூங்க வச்சு எடுத்தாங்க. ரிப்போர்ட்ல எல்லாம் நார்மல்.

இப்ப அதுதான் பிரச்சினையே. பெரியப்பா அந்தக் கவரைத் தூக்கிக் காட்டி, "மெஷினே ஒண்ணுமில்லைனு சொல்லிடுச்சு, இன்னும் எத்தனை நாளைக்கு உக்காந்து சாப்பிடப் போறான்"னு கேட்கிறாரு. அதைவிட மோசம், அண்ணனே "நான் சோம்பேறியாயிட்டேன் போல"ங்கிறாரு. ஒரு இடத்துல "பிரெயின் மேப்பிங்" எடுத்தா கலர்ல தெரிஞ்சிரும், 12,000 ரூபாய்னு சொன்னாங்க. நகையை வச்சாவது எடுத்துடலாமா? இல்லை, காந்த பலம் கூடின 3 டெஸ்லா மெஷின்ல திரும்ப எடுக்கணுமா?

டெஸ்லா மூணு:

தங்கச்சி, நான் எம்ஆர்ஐ டெக்னீஷியன், 11 வருஷம். டாக்டர் இல்லை, அதை மனசுல வச்சுப் படிங்க.

சாதாரண மூளை எம்ஆர்ஐல நாங்க தேடுறது ரத்தக் கசிவு, கட்டி, அடைப்பு, வீக்கம், பழைய அடி. இதெல்லாம் இல்லைன்னா "நார்மல்"னு எழுதுவாங்க. அந்த வார்த்தைக்கு அவ்வளவுதான் அர்த்தம். பயத்தைப் படம் எடுக்க அந்த மெஷினால ஆகாது. 3 டெஸ்லான்னா படம் இன்னும் கூர்மையா வரும், பதில் மாறாது. அதுக்காக எடுத்தது வீண்னு நினைக்காதீங்க. வெடி விபத்துல மூளை குலுங்கியிருக்க வாய்ப்பு உண்டு, அதைப் பார்த்தே ஆகணும். எஸ்டபிள்யூஐன்னு ஒரு வரிசைப் படம் எடுத்தாங்களான்னு மட்டும் ரிப்போர்ட்ல பாருங்க, பொடி ரத்தக் கசிவு அதுலதான் நல்லாத் தெரியும்.

அந்த டம் டம் சத்தம் காந்தத்துக்குள்ள இருக்கிற காயில்கள் அதிர்ற சத்தம். 100 டெசிபலுக்கு மேலயும் போகும். எங்ககிட்ட முன்கூட்டியே சொல்லியிருந்தா முதல்ல சத்தத்தைப் போட்டுக் காட்டி, காதடைப்பான், ஹெட்போன் ரெண்டும் மாட்டியிருப்போம். பட்டாசு விபத்துல தப்பிச்சவரை ஒரு வார்த்தை சொல்லாம உள்ளே தள்ளினா என்ன ஆகும்?

வாசகன்77:

டெக்னீஷியன் சொல்றது பாதிதான் சரி. பிடிஎஸ்டி மூளையில தெரியும். வியட்நாம் போர்ல இருந்து திரும்பின சிப்பாய்களை அமெரிக்காவுல 1995லயே ஸ்கேன் பண்ணிட்டாங்க. நினைவுக்கான ஹிப்போகாம்பஸ், வலது பக்கம் 8 சதவீதம் சின்னதா இருந்தது. மூளைப் பகுதியோட அளவை அளக்கிற வால்யூமெட்ரி கேளுங்க சகோதரி, உங்க சென்டர்ல அளக்கவே இல்லை போல.

மூளைமடிப்பு:

வாசகன் சார், அந்த ஆய்வு உண்மை. பிரெம்னர் குழுவோடது. பிடிஎஸ்டி உள்ள 26 பேர், இல்லாத 22 பேர். ஆனா கதை அங்கே முடியலை. நான் மூளைப் படங்களோட மல்லுக்கட்டுற ஆராய்ச்சி மாணவன்கிறதால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

95ல எல்லாரும் நினைச்சது, அதிர்ச்சியில சுரக்கிற ஹார்மோன் ஹிப்போகாம்பஸை அரிச்சிடுதுன்னு. 2002ல கில்பர்ட்சன், பிட்மன் குழு ஒரு அழகான வேலை செஞ்சாங்க. ஒரே கருவுல பிறந்த 40 இரட்டையர் ஜோடிகளைப் பிடிச்சாங்க. ஒருத்தர் வியட்நாம் போனவர், இன்னொருத்தர் போர்க்களத்தையே பார்க்காதவர். கடுமையான பிடிஎஸ்டி வந்தவங்களுக்கு ஹிப்போகாம்பஸ் சின்னதா இருந்தது, சரி. ஊர்லயே இருந்த அவங்க சகோதரர்களுக்கும் சின்னதாத்தான் இருந்தது! அப்போ போர் சுருக்கினதா, பிறவியிலேயே சின்னதா இருந்தவங்களுக்கு நோய் ஒட்டிக்கிச்சா? என்னைக் கேட்டா இந்தத் துறையிலேயே நேர்த்தியான ஆய்வு அதுதான்.

2018ல பல குழுக்களோட ஸ்கேன்களை ஒண்ணாக் குவிச்சுப் பார்த்தாங்க. மொத்தம் 1,868 பேர், அதுல 794 பேருக்கு பிடிஎஸ்டி. ஹிப்போகாம்பஸ் சராசரியாச் சின்னதுதான், ஆனா வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். ஆளுக்கு ஆள் இயல்பா இருக்கிற ஏற்ற இறக்கத்தை (திட்ட விலக்கம்) 1ன்னு வச்சா, இந்த வித்தியாசம் 0.17தான்.

இது உங்க ஊர்ப் பாஷையில என்னன்னா, தரையில ரெண்டு குவியல் தீக்குச்சி. ரெண்டுலயும் நீளமும் குட்டையும் கலந்திருக்கு. ஒரு குவியலோட சராசரி மட்டும் ஒரு மயிரிழை குறைவு. ஆயிரக்கணக்குல அளந்தா அது தெரியும். இப்ப நான் கண்ணை மூடி ஒரே ஒரு குச்சியை எடுத்து உங்க கையில குடுத்து, எந்தக் குவியல்னு கேட்டா? சொல்ல முடியாது. அந்த ஒத்தைக் குச்சிதான் உங்க அண்ணன். வால்யூமெட்ரி எடுத்தாலும் "இருக்கு"ன்னும் சொல்லாது, "இல்லை"ன்னும் சொல்லாது. பெரியப்பா அந்தக் கவரை வச்சு வாதாடுறது செல்லாது. நீங்க இன்னொரு கவரை வாங்கி எதிர்வாதம் பண்ணினா அதுவும் செல்லாது.

சாத்தூர்க்காரி:

குச்சிக் கணக்கு புரிஞ்சுது, நாங்க சின்ன வயசுல வீட்டுல தீப்பெட்டி ஒட்டினவங்கதான். ஆனா கலர்ல மூளை எரியுற மாதிரி படம் எல்லாம் பார்க்கிறோமே, அது?

மூளைமடிப்பு:

எஃப்எம்ஆர்ஐ. அது போட்டோ இல்லைங்க. மூளையில எங்கே ரத்த ஓட்டம் கூடுது குறையுதுன்னு அளந்து, புள்ளியியல் சோதனை போட்டு, தேறின இடத்துக்கு நாங்களே பூசுற கலர். சோதனையைத் தளர்வா வச்சா எங்கே வேணும்னாலும் கலர் வரும். 2009ல பென்னட்டுன்னு ஒருத்தர் செத்துப்போன சால்மன் மீனை மெஷின்ல படுக்க வச்சு, மனுஷங்க படத்தைக் காட்டி, "இவங்க என்ன உணர்றாங்க"ன்னு கேட்டாரு. சரியான திருத்தம் போடாம கணக்குப் பார்த்தா மீனோட மூளையிலயும் கலர் வந்துச்சு. 2012ல அதுக்கு இக் நோபல் பரிசு, சிரிக்க வச்சு யோசிக்க வைக்கிற ஆய்வுகளுக்குத் தர்றது.

குழுவா எடுத்த ஆய்வுகள்ல அமிக்டலாங்கிற பய மணி அதிகமா அடிக்கிறதையும், அதை அடக்கவேண்டிய முன்மூளைப் பகுதி சோர்ந்து கிடக்கிறதையும் பார்த்திருக்காங்க. 1996ல ராவ்ச் குழு, நோயாளிகளோட சொந்த அனுபவத்தையே எழுதிப் படிச்சுக் காட்டிட்டு, மூளையில ரத்த ஓட்டத்தை அளக்கிற பெட் ஸ்கேன் எடுத்தாங்க. பேச்சுக்கான புரோக்கா பகுதி மங்கியிருந்தது. அண்ணன் வாய் திறக்கலைன்னு எழுதினப்போ எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. ஆனா அது வெறும் எட்டுப் பேர் வச்ச ஆய்வு, அவருக்கு அப்படியே பொருத்திடாதீங்க.

பிரெயின் மேப்பிங்னு அவங்க சொன்னது பெரும்பாலும் ஈஈஜில பதிவாகுற மூளை மின் அலைகளைக் கலர் படமா மாத்துறதாத்தான் இருக்கும். அதை வச்சு பிடிஎஸ்டி கண்டுபிடிக்க முடியாது. நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

நைட் டூட்டி:

எனக்கு பிடிஎஸ்டி இருந்தது, பஸ் விபத்துக்கு அப்புறம். ஒரு ஸ்கேன்கூட எடுக்கலை. மனநல டாக்டர் முக்கால் மணி நேரம் உட்கார வச்சுக் கேள்வி கேட்டாங்க. கனவு வருதா, எதைத் தவிர்க்கிறீங்க, சத்தம் கேட்டா திடுக்கிடுதா, ஒரு மாசத்துக்கு மேல இருக்கா. நோயைக் கண்டுபிடிக்கிற முறையே அந்தக் கேள்விகள்தான். அமெரிக்காவுல 1980லதான் இதுக்குத் தனி நோய்னு பேரே வச்சாங்க, அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிறாங்க. மாத்திரை கொஞ்ச நாள், அப்புறம் அந்த ராத்திரியைத் திரும்பத் திரும்பப் பேச வைக்கிற சிகிச்சை. முதல் மூணு வாரம் நரகம். சொல்லிடுறேன், பாதியில விட்டுடாதீங்க.

ஆள் வரமாட்டேன்னா முதல்ல 14416க்குப் போன் போட்டு நீங்களே பேசுங்க. டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், இலவசம், தமிழ்லயே பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையிலயும் மனநலப் பிரிவு இருக்கு.

சாத்தூர்க்காரி (19 நாள் கழிச்சு):

போயிட்டு வந்துட்டோம். எம்ஆர்ஐ கவரை நீட்டினேன். வாங்கி ரிப்போர்ட்டை மட்டும் படிச்சுட்டு, "தலையில அடி இல்லை, நல்லது"ன்னு மேசை ஓரத்துல வச்சுட்டாங்க. என்னை வெளியே உட்காரச் சொன்னாங்க. ஒரு மணி நேரம். வெளியே வந்து அண்ணன் ஒண்ணும் பேசலை. பஸ்ல வரும்போது ஜன்னலைப் பார்த்துக்கிட்டே அந்த மூணு பேர்ல ஒருத்தரோட பேரைச் சொன்னாரு. 14 மாசத்துல முதல் தடவை.

நோய் பிடிஎஸ்டிதான். சீட்டுல எழுதியிருக்கு. பெரியப்பா அதைப் படிச்சுட்டு, "இதுக்குப் படம் எதுவும் குடுக்கலையா"ன்னாரு. தலையில அடிச்சுக்கிட்டேன்.

இப்ப கவலை தீபாவளி. எங்க ஊர்ல அன்னைக்கு எங்கே போய் ஒளிய?

டெஸ்லா மூணு:

சிவகங்கை மாவட்டத்துல கொள்ளுக்குடிப்பட்டி. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் அங்கேதான். பறவை பயந்துடும்னு ஊரே தீபாவளிக்கு வெடி போடுறதில்லை. மதுரையில இருந்து மேலூர் தாண்டி, திருப்பத்தூர் போற வழி.

நைட் டூட்டி:

டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க. சத்தத்தை விட்டு ஓடுறதே பழக்கமாயிட்டா சிகிச்சை இழுத்துக்கிட்டே போகும்னு என்கிட்ட சொன்னாங்க. இந்த ஒரு வருஷத்துக்குப் பரவாயில்லைம்பாங்கன்னு நினைக்கிறேன்.

சாத்தூர்க்காரி:

கேட்டேன், இந்தத் தடவை போகலாம்னாங்க. மதினி பஸ் நேரம் பார்க்கிறாங்க.