ஓடைக்கரை காலி நிலமா?

கேஎல்_வாசி: பேராக் சுங்கை சிப்புட்ல எங்க பழைய தோட்டத்து ஓடைக்கரையில சோலார் மின்பண்ணை வரப்போவுதாம், அதுக்கும் ஒரு கூட்டம் எதிர்க்க கெளம்பிருச்சு. காலி நிலம்லா அது. பன்னெண்டு மாடு மேயுறதுக்காக திட்டத்த நிறுத்தணுமா?

மாட்டுக்கொட்டாய்: பன்னெண்டா? எங்க எண்ணுனீங்க, காடி ஜன்னல் வழியாவா? எங்க கொட்டாய்லயே பதினாலு நிக்குது. ரப்பர் மரத்த சாச்சு செம்பனை நட்டப்பகூட ஓடைக்கரைய யாரும் தொடல, ரப்பர் இருந்த காலத்துல அப்பா காலையில பால் வெட்டிட்டு வந்து அங்கதான் மாடு மேச்சாரு, அந்த மாட்டுப்பால் வித்த காசுல நாங்க மூணு பேரு படிச்சோம். அத காலின்னு சொல்ல எப்பிடி வாய் வருது?

சட்டம்_பேசும்: படிச்சது சரி, கிராண்ட், அதான் நிலப் பட்டா, யாரு பேர்ல? 1965 நிலச் சட்டப்படி எத்தன வருசம் மேச்சாலும் நிலம் ஒங்களுதாயிடாது. 2050க்குள்ள மின் உற்பத்தித் திறன்ல 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதா இருக்கணும்னு அரசாங்க இலக்கு, பேனல ஆகாயத்துலயா தொங்கவிடுவாங்க?

மாட்டுக்கொட்டாய்: கூரையில போடுங்க. பேக்டரி கூரை, பள்ளிக்கூடக் கூரை எல்லாம் சும்மாதானே கெடக்கு. ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 4 ஏக்கர், 30 மெகாவாட்னா 120 ஏக்கர், அத்தனைக்கும் வேலி போட்டுட்டா மாடு எந்த வழியா தண்ணிக்குப் போவும்? சரவாக்ல பாக்குன் அணையும் பசுமை மின்சாரம்தான், 2,400 மெகாவாட், அதுக்காக 1998ல ஏறக்குறைய 10,000 பூர்வகுடிங்கள சுங்கை ஆசாப்புக்கு ஏத்திவிட்டாங்க. அதே சரவாக்ல பாராம் அணை கட்ட வந்தப்ப ஜனங்க வழிய மறிச்சு உக்காந்தாங்க, 2016ல சரவாக் அரசாங்கமே பாராம் அணைய கைவிட்டுச்சு. அப்புறம், பன்னெண்டு இல்ல, மொத்தம் நாப்பத்தியொண்ணு.

கேஎல்_வாசி: அவங்களுக்குப் பூர்வீக நில உரிமை இருக்கு, ஒங்களுக்கு என்ன இருக்கு? நாப்பத்தியொண்ணுன்னா கன்னுக்குட்டியும் சேத்தா?

மாட்டுக்கொட்டாய்: கன்னுக்குட்டிக்கு வாயில்லையா?

பழைய_கங்காணி: தோட்டத்து லயத்து வீட்டுல இருக்குற ஜனங்க சொந்த வீடு கேட்டு அலையுது, அத ஒருத்தரும் பேசல. கேஎல் தம்பி, ஆடித் திருவிழாவுக்கு சந்தா கேட்டப்ப போனே எடுக்கல, இப்ப தோட்டத்துக்கு நல்லது சொல்ல வந்துட்டீங்க.

கேஎல்_வாசி: சந்தா பேச்சு இங்க எதுக்குண்ணே? கோயிலுக்கு தகரம் வாங்கிக் குடுத்ததே நான்தான்.

பழைய_கங்காணி: தகரம் குடுத்தது ஒங்க அண்ணன்.

சட்டம்_பேசும்: கிராண்ட் யாரு பேர்லன்னு கேட்டேன், இன்னும் பதில் வரல.

மாட்டுக்கொட்டாய்: கம்பெனி பேர்லதான், நான் எங்க இல்லேன்னேன்? மூணு தலமொற பொழங்குன எடம், எங்களக் கூப்புட்டு ஒரு வார்த்த பேசாம வேலிக்கல்லு நட்டுட்டுப் போனாங்களே, அதத்தான் மொதல்லேர்ந்து கேக்குறேன், நீங்க கிராண்ட்லயே நிக்கிறீங்க. கேஎல்காரரே, நாளைக்கு காலையில ஆறு மணிக்கு ஓடைக்கரைக்கு வாங்க, ஒண்ணொண்ணா எண்ணிக் காட்டுறேன்.

கேஎல்_வாசி: ஆறு மணிக்கு எந்த மாடு மேயும்? பால் கறக்குற நேரம்லா அது.