மறு: செனசென்ஸுக்குத் தமிழ்ல என்ன? (மார்பகக் கட்டுரை வரைவு)

வணக்கம் எல்லாருக்கும்,

ரெண்டு நாளா இந்த இழையைப் படிச்சிட்டேதான் இருக்கேன், உக்காந்து பதில் போட இப்பதான் நேரம் கிடைச்சுது. அக்கா அனுப்பின வரைவு நல்லா வந்திருக்கு, மார்பகத் திசுவுக்கு வயசாகறதுக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்புன்னு இவ்ளோ நேரா தமிழ்ல நான் படிச்சதில்ல. ஆனா முதிர்ச்சிங்கற ஒரே ஒரு சொல்லு கட்டுரை முழுக்க காலை வாருது. செனசென்ஸ்னா செல் பிரியறதை நிரந்தரமா நிறுத்திடற நிலை, ஏஜிங்னா வயசாகறது, வரைவுல ரெண்டுக்கும் அதேதான் இருக்கு.

> செனசென்ஸ், ஏஜிங் ரெண்டுக்குமே முதிர்ச்சின்னே போட்டுடலாம், பழகின சொல், வாசகருக்கு உறுத்தாது.

ஐயா, மன்னிக்கணும், உறுத்தாம போயிடுதுங்கறதுதான் பிரச்சனையே. மார்பக விஷயத்துல முதிர்ச்சிக்கு ஏற்கனவே வேற வேலை இருக்கு. பூப்பெய்தினப்புறம் வளர ஆரம்பிக்கற பால்சுரப்பி நுண்மடல்கள் முழுசா முதிர்றது முதல் நிறைமாசக் கர்ப்பத்துலதான். அது இளவயசுலயே நடந்துட்டா, பிரசவத்துக்கு அடுத்த சில வருஷம் ஆபத்து கொஞ்சம் கூடினாலும், நீண்டகால நோக்குல புற்றுநோய் வாய்ப்பு குறையுது. அப்ப வரைவுல "திசு முதிர்ச்சி அடைய அடைய ஆபத்து கூடும்"னு வர்ற வரி அப்படியே தலைகீழாயிடுது இல்லியா? அதோட நம்ம பேச்சுல நோய் முத்திப்போச்சுன்னா கடைசி ஸ்டேஜ்னு அர்த்தம். வீட்ல ஒருத்தங்களுக்கு அந்தப் பத்தியைப் படிச்சுக் காட்டினேன், "முதிர்ந்த மார்பகச் செல்லுன்னா கேன்சர் முத்தின செல்லா?"ன்னுதான் முதல்ல கேட்டாங்க.

> அப்ப ரெண்டுக்கும் மூப்புன்னு வச்சுக்கலாமா?

ஏஜிங்குக்கு மூப்பு பிரமாதம் அக்கா, நரை திரை மூப்புன்னு காலங்காலமா சொல்லிட்டு வர்றதுதானே. திசு மூப்புன்னு போட்டுடுங்க. அது காலண்டர் வயசு இல்லங்கறதையும் ஒரு வரி சேர்த்துட்டா நல்லது. 1983ல மால்கம் பைக்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு மார்பகத் திசுவோட வயசுன்னே தனியா ஒரு கணக்கு போட்டாங்க, பூப்பெய்தினதும் அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், முதல் பிரசவத்துக்கப்புறம் வேகம் குறையும், மாதவிடாய் நிக்கும்போது இன்னும் குறையும். 50 வயசு வாக்குல புற்றுநோய் விகிதம் ஏறற வேகம் ஏன் மட்டுப்படுதுங்கறதுக்கு அது ஒத்துப்போச்சு. அப்புறம் 2013ல ஸ்டீவ் ஹோர்வத், டிஎன்ஏல 353 இடத்துல மெத்தில்ங்கற வேதிக் குறிகள் எப்படி இருக்குன்னு பாத்து வயசு கணிச்சப்ப, ஆரோக்கியமான மார்பகத் திசு உடம்போட மத்த பாகத்தை விட ரெண்டு மூணு வயசு மூத்ததாவும், கட்டிக்குப் பக்கத்துல இருக்கற நல்ல திசு சராசரியா 12 வயசு மூத்ததாவும் வந்துச்சு. இதுக்கெல்லாம் மூப்புன்னா கச்சிதம்.

செனசென்ஸ் அப்படி இல்ல. 1961ல ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் மனித செல்களை வளர்ப்புத் தட்டுல வச்சுப் பாத்தப்ப, சுமார் 50 தடவை பிரிஞ்சதும் நின்னுபோச்சு, அதனால முதுமைங்கற பேரு ஒட்டிக்கிச்சு, லத்தீன்லயும் அதே வேர்தான். ஆனா 1997ல ராஸ்ங்கற புற்று மரபணுவைக் கொஞ்ச தடவையே பிரிஞ்சிருந்த இளம் செல்லுக்குள்ள விட்டாங்க, அதுவும் சில நாள்லயே பிரியறதை நிறுத்திடுச்சு! வயசே ஆகல, ஆபத்துன்னு தெரிஞ்சதும் பிரேக் போட்டுடுச்சு, அவ்ளோதான். இதைப் போய் மூப்புன்னா வாசகருக்கு அந்த பிரேக் விஷயமே போய்ச்சேராது. தட்டுல பாத்தா இந்த செல்லுங்க அகலமா தட்டையா பரந்து கிடக்கும், பீட்டா கேலக்டோசிடேஸ்ங்கற நொதியைக் காட்டற சாயம் ஊத்தினா நீலமாகும், சாகாது, பிரியாது. சும்மாவும் இருக்காது. இன்டர்லூக்கின் 6 மாதிரி அழற்சிப் பொருளையும் செல்லைச் சுத்தியிருக்கற புரதப் பின்னலை அரிக்கற நொதியையும் கசியவிட்டுக்கிட்டே இருக்கும். ரிட்டயர் ஆகியும் ஆபீஸ் வாசல்லயே நின்னு யோசனை சொல்ற பெரியவர் மாதிரி, தான் பிரியாட்டியும் பக்கத்து செல்லைக் கெடுத்துடும்.

அதனால என் பரிந்துரை: பகுப்போய்வு. செல் பகுப்பு ஓய்ந்த நிலை. அப்ப கசியறதைப் பகுப்போய்வுக் கசிவுன்னு சொல்லிக்கலாம். திரும்ப எழுந்து பிரியக்கூடிய தற்காலிக நிலைக்கு ஓய்வுங்கற சொல்லையே தொட வேணாம், அதுக்குத் துயில்நிலை இருக்கட்டும். மலட்டுச் செல்னு ஒருத்தர் எழுதியிருந்தாங்க, தயவுசெஞ்சு வேணாம், இந்தக் கட்டுரையைப் படிக்கப்போறது யாருன்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்ச பகுதி. பால்நாளத்தைக் குறுக்கா வெட்டிப் பாத்தா ரெண்டு வரிசை, உள்பக்கம் லூமினல் செல், அதைச் சுத்தி வெளிப்பக்கம் மயோஎபிதீலியல் செல். வெளிவரிசை பாலைப் பிதுக்கித் தள்ளும், வேலி மாதிரி நின்னு கட்டியையும் அடக்கி வைக்கும். வயசாக ஆக அந்த வேலி மெலியுது. உள்வரிசையில, குறிப்பா 55 தாண்டினவங்க திசுவுல, லூமினல் செல்லே வெளிவரிசையோட கெராட்டின் 14ங்கற புரதத்தை உற்பத்தி பண்ண ஆரம்பிக்குது, அதாவது தான் எந்த வரிசைன்னே அதுக்கு மங்கிப்போகுது. இது நின்னுபோன செல் இல்ல, பிரிஞ்சுக்கிட்டே இருக்கற செல், புற்று கிளம்பறதுக்கு இடம் குடுக்கறது இதுவா இருக்கலாம்னு நினைக்கறாங்க. வரைவுல இதுக்கும் முதிர்ச்சின்னே இருக்கு. இதை மரபுப் பிறழ்வுன்னு போட்டா மியூட்டேஷன், அதாவது மரபணு மாற்றம்னு நினைப்பாங்க. கால்வழின்னு நல்ல பழைய சொல்லு ஒண்ணு சும்மா கிடக்கு, வம்சத்தொடர்ச்சின்னு பொருள், அதை எடுத்துக் கால்வழித் தளர்வுன்னு வைக்கலாமா? அடிக்க வர்றவங்க வரலாம்.

---

தம்பி, கால்வழித் தளர்வு அருமை, அப்படியே எடுத்துக்கிட்டேன். முதிர்ச்சி பத்தி நீங்க சொன்னதும் சரிதான், ஐயாவும் தனிமடல்ல ஒத்துக்கிட்டார். ஆனா பகுப்போய்வு வேலைக்கு ஆகாது. போன்ல நாலு தடவை அடிச்சேன், நாலு தடவையும் பகுப்பாய்வுன்னு மாத்திடுச்சு. போனை விடுங்க, என் கண்ணே அப்படித்தான் படிக்குது, "மார்பகச் செல்களின் பகுப்போய்வு"ன்னா லேப் ரிப்போர்ட் மாதிரி இருக்கு. பகுப்பொழிவுன்னு மாத்திப் பாத்தேன், அது சொற்பொழிவுக்குத் தம்பி மாதிரி ஒலிக்குது.

---

அக்கா, ஐயோ ஆமா! ரெண்டு நாளா எழுதி எழுதி எனக்குக் கண்ணுல படவே இல்ல. பகுப்பை விட்டுடலாம், செல் பிரிதல்ங்கறதும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, பிரிவோய்வு. பிரிவோய்ந்த செல், பிரிவோய்வுக் கசிவு, வாயிலயும் தடுக்கல. பிரிவுன்னா ஆபீஸ் பிரிவு, ஆள் பிரிவுன்னு வேற அர்த்தம் இருக்கு, ஆனா முன்னால செல்னு போட்டுட்டா யாரும் குழம்ப மாட்டாங்க. மூணாவது பத்தியை இப்படி மாத்திப் பாருங்க:

"திசு மூப்படையும்போது பிரிவோய்ந்த செல்கள் சேர்கின்றன. இவை தாமே புற்றாகப் பெருகுவதில்லை, ஆனால் இவற்றின் கசிவு அண்டைச் செல்களைத் தூண்டுகிறது. அந்த அண்டைச் செல்களில் ஏற்கெனவே கால்வழித் தளர்வு இருந்தால் ஆபத்து கூடுகிறது. பி16 என்ற தடுப்பு மரபணு அடைபட்டுப்போனால், பிரிவோய்வுக்குள் போக வேண்டிய செல்லே நிற்காமல் பிரிந்துகொண்டு போகலாம்."

கடைசி வரி நான் சேர்த்தது. வளர்ப்புத் தட்டுல மார்பகச் செல்லுங்க இதைப் பண்ணி ரொம்ப காலமாவே பாத்திருக்காங்க, எல்லா செல்லும் நின்னப்புறம் ஒண்ணு ரெண்டு மட்டும் மறுபடி பிரிய ஆரம்பிக்கும், பாத்தா அதுங்கள்ல பி16 மெத்தில் ஒட்டி அணைஞ்சிருக்கும். ஆனா அது தட்டுல பாத்தது, அதனாலதான் போகலாம்னு நிறுத்தினேன், போகும்னு மாத்திடாதீங்க. சொற்பட்டியல்ல மூப்பு, பிரிவோய்வு, துயில்நிலை, கால்வழித் தளர்வு நாலையும் இன்னிக்கு ராத்திரி ஏத்திடறேன், முதிர்ச்சிக்கு எதிர்ல கர்ப்பகால வளர்ச்சிக்கு மட்டும்னு குறிப்பு போட்டுடறேன்.