கூட்டினா 360 சரியா வருது, புத்தகத்துல 300. எங்கே தப்பு?

பையன் எட்டாம் வகுப்பு. நேத்து வீட்டுக்கணக்கு இது: "ஒரு விவசாயி தன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கில் வாழை வைத்தார். மீதியில் நான்கில் ஒரு பங்கில் கரும்பு போட்டார். இன்னும் இருக்கும் 150 குழியில் நெல் நட்டார். மொத்த நிலம் எவ்வளவு?" (குழிங்கிறது இங்கே நில அளவு.)

1/3 + 1/4 = 7/12. மிச்சம் 5/12 பங்குதான் 150 குழி, அதனால மொத்தம் 360னு போட்டிருக்கான். சரிபார்த்தும் காட்டினான்: வாழை 120, கரும்பு 90, நெல் 150. ராத்திரி பத்து மணி வரைக்கும் நானும் உட்கார்ந்து பார்த்தேன், பிடிபடலை. பிள்ளை அழுதுட்டான். யாராவது சொல்லிக் கொடுங்க.
– திருவையாறு

அக்கா, அவன் பின்னம் கூட்டினதுல பிழையே இல்லை, அதை முதல்ல அவன்கிட்ட சொல்லுங்க. "மீதியில்"ங்கிற சொல்லைத்தான் தாண்டிட்டான். வாழைக்கு 120 போனா மீதி 240. அதுல கால் பங்கு 60தானே? அவன் 90 வச்சிருக்கான், அது மொத்தத்துல கால் பங்கு. கூட்டிப் பார்த்தா மட்டும் இந்தத் தப்பு தெரியாது. ஒவ்வொரு வரியா கேள்வியோட ஒப்பிடணும்.

தாள்ல ஒரு வயல் வரையச் சொல்லுங்க. வரப்பு போட்டு மூணா பிரிச்சு, ஒண்ணுல வாழை. மிச்ச ரெண்டையும் பாதி பாதியா வெட்டினா நாலு துண்டு. ஒண்ணு கரும்பு, மூணு நெல். மூணு துண்டு 150னா ஒண்ணு 50. வாழை ரெண்டு துண்டு அளவு. ஆக ஆறு துண்டு, 300 குழி.
– மன்னார்குடி

படம் வரைஞ்சதும் புரிஞ்சிடுச்சு தம்பி. ஆனா பரீட்சையில சமன்பாடா எழுதணுமாம்.
– திருவையாறு

எக்ஸுக்குப் பதிலா மொத்தத்தை "ம"ன்னே வச்சுக்கட்டும்மா. வாழை ம/3. அடுத்த வரியில மீதி 2ம/3னு கட்டாயம் எழுதணும், பிள்ளைங்க விடுறது இந்த வரியைத்தான். அதுல கால் பங்கு ம/6. ரெண்டும் சேர்ந்து ம/2. மிச்சப் பாதி 150, ம = 300.

நம்ம பக்கம் 100 குழி ஒரு மா, 3 மா ஒரு ஏக்கர். அந்த விவசாயிக்கு ஒரு ஏக்கர் நிலம்னு சொன்னா மனசுல நிக்கும். இதையும் போடச் சொல்லுங்க: ஒரு வேலி, அதாவது 20 மா. பாதியில குறுவை, மீதியில் ஐந்தில் ஒரு பங்கு பருத்தி. தரிசு எத்தனை மா?
– பாபநாசம், கணக்கு வாத்தியார்

8 மான்னு சொல்றான் ஐயா. "மீதியில்"க்குக் கீழே ரெண்டு கோடு போட்டிருக்கான்.
– திருவையாறு